அப்டேட் ஓடியது, ஒரு ரெக்கார்டும் மாறவில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேட்டாபேஸில் உள்ள ரெக்கார்டுகளை மாற்றும் கட்டளையான அப்டேட் குவெரி, சிவப்பு எழுத்தில் பிழை எதுவும் காட்டாமல் ஓடி முடிகிறது. டேபிளைத் திறந்து பார்த்தால் எல்லாம் பழையபடியே இருக்கிறது. புதிதாக டேட்டாபேஸ் பழகுகிறவர்களும், பல வருடம் அதிலேயே வேலை பார்ப்பவர்களும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கீழே உள்ள பதில்களில் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள், எஸ்க்யூலைட், ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாம் வரும். உதாரணத்துக்கு ஒரு பள்ளியின் 'மாணவர்' டேபிளை வைத்துக்கொள்வோம்.

ஒன்றும் மாறவில்லை என்றால் டேட்டாபேஸ் பிழை காட்ட வேண்டாமா?

வேண்டாம். எந்த ரெக்கார்டுகளை மாற்ற வேண்டும் என்று சொல்லும் பகுதி 'வேர்' நிபந்தனை. அதற்குப் பொருந்துகிற எல்லாவற்றையும் மாற்று என்றுதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். பொருந்துவது ஒன்றுமே இல்லை என்றால், சொன்ன வேலையை அது முழுசாகச் செய்துவிட்டது என்றுதான் கணக்கு. போஸ்ட்கிரெஸ் 'அப்டேட் 0' என்று சொல்லும். ஆரக்கிளும் எஸ்க்யூஎல் சர்வரும் தங்கள் பாணியில் அதே பூஜ்யத்தைச் சொல்லும்.

எனவே டேட்டாபேஸ் கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுவதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நீங்கள் கேட்டதாக நினைக்கும் கேள்வியும் அதன் காதில் விழுந்த கேள்வியும் எங்கோ வேறுபடுகின்றன. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

எங்கிருந்து தேடத் தொடங்குவது?

முதலில் உங்கள் சிக்கல் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். எந்த ரெக்கார்டும் பொருந்தவில்லையா? பொருந்தியது, ஆனால் புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றேயா? அல்லது உண்மையிலேயே மாறியது, உங்கள் கண்ணில்தான் படவில்லையா? மூன்றும் வெளியில் இருந்து பார்க்க ஒன்று போலவே இருக்கும், மருந்து வேறு வேறு.

பிரிப்பது எளிது. அப்டேட்டில் உள்ள அதே 'வேர்' நிபந்தனையை ஒரு எழுத்தும் மாற்றாமல் எடுத்து, எதையும் மாற்றாமல் ரெக்கார்டுகளைப் படித்துக் காட்டும் ஒரு செலக்ட் குவெரியில் போட்டு ஓட்டுங்கள். ரெக்கார்டு வரவில்லை என்றால் முதல் வகை. நிபந்தனையில் நான்கு பகுதி இருந்தால் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். எதை நீக்கியதும் ரெக்கார்டு தலைகாட்டுகிறதோ அதுதான் குற்றவாளி. ரெக்கார்டு வந்துவிட்டால் அடுத்த கேள்விக்குப் போங்கள்.

செலக்ட்டில் ரெக்கார்டு வருகிறது. அப்டேட் மட்டும் 0 என்கிறது. எப்படி?

மைஎஸ்க்யூஎல் என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. ஊர் ஏற்கெனவே 'மதுரை' என்றிருக்கும் ரெக்கார்டில் மறுபடி 'மதுரை' என்று எழுதச் சொன்னால், மைஎஸ்க்யூஎல் அதைத் தொடாது. பதிலிலேயே இரண்டு எண்கள் தனித்தனியாக வரும்: பொருந்தியவை 1, மாறியவை 0. அதன் கமாண்ட் லைனில் இது பளிச்சென்று தெரியும். பிஎச்பி போன்ற புரோகிராம் மொழிகள் வழியாகப் போகும்போது மாறியவற்றின் எண்ணிக்கை மட்டும் கைக்கு வருவதால்தான் குழப்பம். பொருந்தியவற்றின் எண்ணிக்கைதான் வேண்டும் என்றால் இணைப்பு ஏற்படுத்தும்போதே அதற்கான அமைப்பைக் கேட்டு வாங்கலாம். ஜாவாவுக்கான அதிகாரபூர்வ டிரைவர் (இணைப்பு மென்பொருள்) வழக்கமாகவே பொருந்திய எண்ணிக்கையைத்தான் தருகிறது. அதனால் ஒரே குவெரி ஜாவாவில் 1, பிஎச்பியில் 0 என்று காட்டினால் இரண்டுமே சரிதான்.

போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர், ஆரக்கிள் மூன்றும் மதிப்பு அதேதானா என்று பார்ப்பதில்லை. பொருந்தியதை எண்ணிச் சொல்லும். அங்கே செலக்ட்டில் வருவது அப்டேட்டில் 0 ஆனால், கீழே டிரிகர் (மாற்றம் நடக்கும்போது தானாக ஓடும் கட்டளை), அனுமதி, இருவர் மோதல் பற்றிய பதில்களைப் பாருங்கள்.

பெயர் கண்ணுக்கு அப்படியே ஒன்றாக இருக்கிறது. ஏன் பொருந்தவில்லை?

கண்ணை நம்பாதீர்கள், நீளத்தை அளந்து பாருங்கள். பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளி, எக்செல்லிலிருந்து வந்த வரி முறிவு, இணையப் பக்கத்திலிருந்து நகலெடுக்கும்போது வரும் உடையாத இடைவெளி எதுவும் திரையில் தெரியாது. டிரிம் போட்டேன், சரியாகவில்லை என்பார்கள். சாதாரண டிரிம் சாதாரண இடைவெளியை மட்டுமே வெட்டும், வரி முறிவையும் உடையாத இடைவெளியையும் விட்டுவிடும்.

பின்னால் வரும் இடைவெளியைக் கணக்கில் எடுப்பதிலும் ஆளுக்கொரு கொள்கை. எஸ்க்யூஎல் சர்வர் சமக்குறி ஒப்பீட்டில் அதைப் பொருட்படுத்தாது. அதன் லென் கட்டளையும் அதை எண்ணாது, டேட்டாலெங்த் எண்ணும். மைஎஸ்க்யூஎல் பழைய ஒப்பீட்டு முறைகளில் கண்டுகொள்ளாமல் இருந்தது. 2018-இல் வந்த 8-ஆம் பதிப்பின் புதிய இயல்பு முறை அதை ஒரு எழுத்தாகவே எண்ணுகிறது. பழைய சர்வரில் ஓடிய குவெரி புதியதில் ஓடாமல் போனால் இதையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து விஷயமும் இப்படித்தான். மைஎஸ்க்யூஎல்லில் இயல்பாக வேறுபாடு கிடையாது, போஸ்ட்கிரெஸ்ஸில் உண்டு.

தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தலைவலி இருக்கிறது. 'கோவை' என்ற சொல்லை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் இரட்டைச் சுழியையும் பின்னால் வரும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒரே 'கோவை'தான். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால் முதல் வடிவம் 12 பைட், இரண்டாவது 15 பைட். போஸ்ட்கிரெஸ்ஸும் எஸ்க்யூலைட்டும் வழக்கமான அமைப்பில் இவற்றை வேறு வேறு சொற்களாகவே பார்க்கும். ஒகர, ஔகாரக் குறிகளுக்கும் இதே கதை. தரவு ஒரு கீபோர்டு செயலியிலிருந்தும் தேடல் இன்னொன்றிலிருந்தும் வரும்போது இது நடக்கும். 2020-இல் வந்த போஸ்ட்கிரெஸ் 13-இலிருந்து இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவமாக்கும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. ஆனால் தேடும்போது சரிசெய்வதைவிட உள்ளே நுழையும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுவது நல்லது.

அந்த ஃபங்ஷனாலும் தீராத ஒன்று உண்டு. 'கௌசல்யா' என்பதை ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டு 'கெளசல்யா' என்று தட்டுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். யூனிகோடைப் பொறுத்தவரை அது எழுத்துப்பிழை உள்ள வேறு சொல். 'ஸ்ரீ' எழுத்தில் ஸகரம் போட்டதும் ஶகரம் போட்டதும் அப்படியே. பெயரை வைத்து அப்டேட் செய்யாதீர்கள், மாணவர் எண்ணை வைத்துச் செய்யுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எண்ணை வைத்துத்தான் தேடுகிறேன். அப்போதும் 0 வருகிறதே?

அந்த எண் எண்ணாகச் சேமிக்கப்பட்டிருக்கிறதா, எழுத்தாகவா என்று பாருங்கள். எழுத்து ஃபீல்டில் '0042' என்று இருந்தால் '42' பொருந்தாது. முன்னால் உள்ள பூஜ்யங்களைத் தின்பதில் எக்செல் பேர்போனது. 12 இலக்க எண்ணை அது அடுக்குக்குறி வடிவில் காட்டும். அந்தக் கோலத்திலேயே சிஎஸ்வி ஆகச் சேமித்தால் இலக்கங்கள் போய்விடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மிச்சம் எல்லாம் பூஜ்யம். வங்கிக் கணக்கு எண்களைப் பட்டியலாக வாங்கி அப்டேட் செய்கிறவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது எக்செல் கோப்பை, குவெரியை அல்ல.

தசம எண்களைச் சமக்குறி போட்டு ஒப்பிட வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லில் ஃபுளோட் ஃபீல்டில் 0.1 போட்டுவிட்டு 0.1-க்குச் சமமானதைத் தேடினால் கிடைக்காது. பணத் தொகைக்கு டெசிமல் வகையே சரி.

காலியாக உள்ள ஃபீல்டுகளை மட்டும் நிரப்ப நினைத்தேன், ஒன்றும் நிரம்பவில்லை.

'நல்' மதிப்பைச் சமக்குறி போட்டுத் தேடியிருப்பீர்கள். 'நல்' என்றால் மதிப்பு தெரியாது என்று பொருள். தெரியாத ஒன்று இன்னொரு தெரியாததற்குச் சமமா என்று கேட்டால், ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. 'வேர்' பகுதிக்கு உறுதியான 'ஆம்' தேவை. அதனால் எதுவும் தேறாது. 'இஸ் நல்' என்றுதான் எழுத வேண்டும்.

இதைவிடக் கள்ளத்தனமானது 'நாட் இன்'. கட்டணம் கட்டியவர் பட்டியலில் இல்லாத மாணவர்களை எல்லாம் அப்டேட் செய் என்கிறீர்கள். அந்தப் பட்டியலைத் தரும் உள் குவெரியில் ஒரே ஒரு 'நல்' புகுந்திருந்தால் போதும், முழு அப்டேட்டும் 0 ஆகிவிடும். பட்டியலில் ஆயிரம் பேர் சரியாக இருந்தாலும் பயனில்லை. 'நாட் எக்ஸிஸ்ட்ஸ்' என்று மாற்றி எழுதினால் இந்த வம்பு இல்லை.

ஆரக்கிள் காலிச் சரத்தையே 'நல்' ஆகத்தான் வைத்துக்கொள்ளும். வேறு டேட்டாபேஸிலிருந்து அங்கே போகிறவர்கள் காலிச் சரத்துக்குச் சமமானதைத் தேடி ஏமாறுவார்கள்.

தேதி கொடுத்தேன், பொருந்தவில்லை.

ஃபீல்டில் நேரமும் சேர்ந்தே இருக்கும். மார்ச் 15 என்று மட்டும் கொடுத்தால் அது மார்ச் 15 நள்ளிரவு 12 மணி. காலை 10.32-க்குப் பதிவானது அதற்குச் சமமில்லை. 15-ஆம் தேதி தொடக்கத்துக்குச் சமம் அல்லது மேல், 16-ஆம் தேதி தொடக்கத்துக்குக் கீழ் என்று இரண்டு எல்லை கொடுங்கள். சர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் சேமித்தால், இந்திய நேரப்படி 15-ஆம் தேதி விடிகாலை 3 மணிக்கு நடந்தது அங்கே 14-ஆம் தேதி இரவு 9.30 என்றிருக்கும். ஆக்சஸ் பயன்படுத்துகிறீர்களா? அதன் குவெரிக்குள் தேதியை மாதம்தான் முன்னால் என்று அது படிக்கும்.

டேட்டாபேஸ் டூலில் ஓட்டினால் மாறுகிறது. என் புரோகிராமிலிருந்து ஓட்டினால் மாறவில்லை. ஏன்?

அதிகம் வரும் கேள்வி இதுதான். டூலில் நீங்கள் கையால் தட்டிய குவெரியும் புரோகிராம் அனுப்பும் குவெரியும் ஒன்றுதான் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். புரோகிராம் உண்மையில் என்ன அனுப்புகிறது என்பதை டேட்டாபேஸ் பக்கம் நின்று பாருங்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஜெனரல் லாக், போஸ்ட்கிரெஸ்ஸில் எல்லா மாற்றக் கட்டளைகளையும் லாக் செய்யும் அமைப்பு இரண்டும் இதற்காகவே உள்ளவை. வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் டிஸ்க் நிரம்பும்.

அங்கே அடிக்கடி சிக்குவது பாராமீட்டர் வரிசை, அதாவது குவெரிக்குள் கோடு நிரப்பும் மதிப்புகளின் வரிசை. டாட்நெட்டில் ஓலேடிபி என்ற இணைப்பு முறை வழியாக ஆக்சஸ் கோப்பைத் தொடும்போது, பாராமீட்டருக்கு நீங்கள் வைக்கும் பெயரை அது மதிப்பதே இல்லை, சேர்த்த வரிசையைத்தான் பார்க்கும். குவெரியில் ஊர், தொலைபேசி, மாணவர் எண் என்று இருக்கிறது. கோடில் மாணவர் எண்ணை முதலில் சேர்த்துவிட்டீர்கள். இப்போது ஊர் இருக்கும் இடத்துக்கு மாணவர் எண் போகிறது, 'வேர்' பகுதிக்குத் தொலைபேசி எண் போகிறது. அந்தத் தொலைபேசி எண்ணை மாணவர் எண்ணாகக் கொண்டவர் யாரும் இல்லாததால் 0. உண்மையில் இது அதிர்ஷ்டம். அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவருடைய ஊர் ஒரு எண்ணாக மாறியிருக்கும்.

அடுத்தது, யாராக இணைகிறீர்கள் என்பது. போஸ்ட்கிரெஸ்ஸில் 9.5-ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் அனுமதி வைக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கிவிட்டு அப்டேட்டுக்கான விதி எழுதவில்லை என்றால் சாதாரணப் பயனருக்கு எந்த ரெக்கார்டையும் மாற்ற முடியாது. அனுமதி இல்லை என்ற பிழையும் வராது, பொருந்தும் ரெக்கார்டே இல்லாதது போல 0 என்றுதான் வரும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசரையும், இயல்பு அமைப்பில் டேபிளின் உரிமையாளரையும் இந்த விதி கட்டுப்படுத்தாது. நீங்கள் டூலில் சூப்பர்யூசராகவும் புரோகிராம் சாதாரணப் பயனராகவும் நுழைந்தால் அங்கே ஓடும், இங்கே ஓடாது. போஸ்ட்கிரெஸ் மேல் இயங்கும் சூபாபேஸ் சேவையைப் பயன்படுத்துகிறவர்கள் இதில்தான் அடிக்கடி விழுகிறார்கள். அப்டேட் விதி எழுதியும் நடக்கவில்லை என்றால் செலக்ட் விதி இருக்கிறதா பாருங்கள். ரெக்கார்டைத் தேடிப் பிடிக்க அதுவும் வேண்டும்.

மூன்றாவது, பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விட்டுவிடும் காலி கேட்ச் பிளாக். பிழை வந்தது, யாரோ அதை விழுங்கிவிட்டார்கள். இது பற்றி விளக்க ஒன்றுமில்லை, அந்த பிளாக்கை எடுங்கள்.

1 ரெக்கார்டு மாறியது என்கிறது. மறுபடி திறந்தால் பழையதே இருக்கிறது.

கமிட் (மாற்றத்தை நிரந்தரமாக்கும் கட்டளை) ஆனதா என்று பாருங்கள். பைத்தானில் போஸ்ட்கிரெஸ்ஸோடு இணைக்கும் சைகோபிஜி2, நீங்கள் கேட்காமலேயே டிரான்சாக்ஷனை (கமிட் வரை ஒன்றாகக் கருதப்படும் கட்டளைத் தொகுப்பு) தொடங்கிவிடும். கமிட் கொடுக்காமல் இணைப்பை மூடினால் எல்லாம் திரும்பிப் போய்விடும். எஸ்க்யூலைட்டுக்கான பைத்தான் மாட்யூலும் இயல்பாக அப்படித்தான். ஆரக்கிளில் ஒரு ஜன்னலில் மாற்றிவிட்டு கமிட் கொடுக்காமல் வேறு இணைப்பில் தேடினால் கிடைக்காது.

கமிட் சரி என்றால், இரண்டு டேட்டாபேஸ் இருக்கிறதா என்று பாருங்கள். விஷுவல் ஸ்டூடியோவில் டேட்டாபேஸ் கோப்பை புராஜெக்ட்டுக்குள் சேர்த்தால், ஒவ்வொரு முறை பில்டு ஆகும்போதும் அதன் நகலை அவுட்புட் ஃபோல்டருக்கு அனுப்பும் அமைப்பு ஒன்று உண்டு. புரோகிராம் மாற்றுவது அந்த நகலை. நீங்கள் திறந்து பார்ப்பது அசலை. அடுத்த முறை ஓட்டும்போது அசல் வந்து நகலின் மேல் எழுதிவிடும். கல்லூரி புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் நாள்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம். எப்போதும் நகலெடு என்பதை, புதியதாக இருந்தால் மட்டும் நகலெடு என்று மாற்றுங்கள்.

பெரிய அமைப்புகளில் எழுதுவது ஒரு சர்வரிலும் படிப்பது அதன் பிரதியிலும் நடக்கும். பிரதி பின்தங்கினால் கொஞ்ச நேரம் பழையது தெரியும். கேஷ் (வேகத்துக்காக வைக்கும் தற்காலிக நகல்) இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டு ஃபீல்டை ஒன்றாக மாற்றினேன். ஒன்று 0 ஆகிவிட்டது, இன்னொன்று மாறவே இல்லை.

'செட்' பகுதியில் இரண்டுக்கும் நடுவே காற்புள்ளிக்குப் பதில் 'அண்ட்' போட்டிருப்பீர்கள். 'செட் மதிப்பெண் = 80 அண்ட் வகுப்பு = 9' என்றால் மைஎஸ்க்யூஎல் அதை, '80' என்பதையும் 'வகுப்பு = 9' என்ற ஒப்பீட்டையும் 'அண்ட்' சேர்த்துத் தரும் விடை மதிப்பெண்ணுக்குள் போகட்டும் என்று படிக்கும். விடை 0 அல்லது 1. போஸ்ட்கிரெஸ் இந்த இடத்தில் வகை பொருந்தவில்லை என்று சண்டைக்கு வரும். இப்படிச் சண்டை போடும் டேட்டாபேஸ்தான் நல்லது.

ஃபீல்டு பெயரைத் தப்பாக எழுதினால் பிழை வந்தே ஆக வேண்டும் அல்லவா?

மேற்கோள்குறி போட்டிருந்தால் வராமலும் போகலாம். எஸ்க்யூலைட் இரட்டை மேற்கோளுக்குள் இருக்கும் பெயரில் ஃபீல்டு இல்லை என்றால் அதைச் சாதாரண எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்ளும். அப்புறம் அது உங்கள் தப்பான பெயரையே 'மதுரை'யுடன் ஒப்பிடும், 0 என்று சொல்லும். மைஎஸ்க்யூஎல்லில் ஃபீல்டு பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போட்டாலும் இதே விளைவு.

டிரிகர் இதைச் செய்யுமா?

செய்யும். போஸ்ட்கிரெஸ்ஸில் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னால் ஓடும் டிரிகர் 'நல்' திருப்பித் தந்தால் அந்த ரெக்கார்டு சத்தமில்லாமல் விடப்படும். கடைசியில் புதிய ரெக்கார்டைத் திருப்பித் தர மறந்து, 'ரிட்டர்ன் நல்' என்று முடித்துவிடுவது வழக்கமான பிழை.

ஒரே நேரத்தில் இருவர் மாற்றினால் 0 வருமா?

வரும், அதில் தப்பும் இல்லை. மைஎஸ்க்யூஎல்லின் இயல்பு நிலையில் ஒரு டிரான்சாக்ஷனுக்குள் உங்கள் செலக்ட் பழைய படத்தையே காட்டிக்கொண்டிருக்கும். அப்டேட்டோ இப்போதைய நிலையைப் பார்க்கும். இடையில் வேறொருவர் அந்த ரெக்கார்டை மாற்றி கமிட் செய்திருந்தால், கண்முன்னே தெரியும் ரெக்கார்டை அப்டேட் தொடாது. போஸ்ட்கிரெஸ் இயல்பு நிலையில், முதலில் வந்தவர் முடிக்கும் வரை காத்திருந்து, புதிய ரெக்கார்டின் மேல் நிபந்தனையை மறுபடி சோதிக்கும். பொருந்தாவிட்டால் விட்டுவிடும்.

புரோகிராமை டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரிகளான ஹைபர்னேட்டும் என்டிட்டி ஃபிரேம்வொர்க்கும் இந்த 0-வைத்தான் கருவியாகப் பயன்படுத்துகின்றன. பதிப்பு எண் ஃபீல்டு ஒன்றை வைத்தால், அப்டேட் நிபந்தனையில் அந்த எண்ணையும் சேர்த்து அனுப்பும். 1 எதிர்பார்த்தோம், 0 வந்தது என்று அவை பிழை காட்டினால், நீங்கள் திறந்து வைத்திருந்த நேரத்தில் வேறொருவர் சேமித்துவிட்டார் என்று அர்த்தம். புதிதாக எடுத்து மறுபடி முயலுங்கள், அந்தச் சோதனையைக் கழற்றிவிடாதீர்கள்.

எனக்கு 0 இல்லை, -1 வருகிறது.

எஸ்க்யூஎல் சர்வரின் புரொசீஜரில் (சர்வரிலேயே சேமித்து வைத்த கட்டளைத் தொகுப்பில்) 'நோகவுண்ட் ஆன்' இருக்கிறது. எண்ணிக்கையைச் சொல்லாதே என்று அதற்குப் பொருள். அப்டேட் நடந்திருக்கலாம்.

இனிமேல் இது கண்ணில் படாமல் போகாதிருக்க என்ன செய்வது?

ஒரு ரெக்கார்டு மாற வேண்டிய இடத்தில் திரும்பி வரும் எண்ணிக்கை 1 தானா என்று கோடிலேயே சோதித்து, இல்லையென்றால் பிழை எழுப்புங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் ரோகவுண்ட் மாறியை அப்டேட்டுக்கு அடுத்த வரியிலேயே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் வேறு கட்டளை வந்தால் அதன் மதிப்பு மாறிவிடும். போஸ்ட்கிரெஸ்ஸிலும், 2021-இல் வந்த 3.35 பதிப்பிலிருந்து எஸ்க்யூலைட்டிலும் 'ரிட்டர்னிங்' சேர்த்தால் மாறிய ரெக்கார்டையே திருப்பிக் கேட்கலாம். எண்ணிக்கையைவிட அதுவே எனக்குப் பிடித்த வழி, எது மாறியது என்றே தெரிந்துவிடுகிறது.

நிபந்தனையைக் கொஞ்சம் தளர்த்தி அப்டேட்டை ஓட்டிப் பார்க்கலாமா?

செலக்ட்டில் தளர்த்துங்கள், அப்டேட்டில் வேண்டாம். கட்டாயம் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் டிரான்சாக்ஷனைத் தொடங்கி, ஓட்டி, எண்ணிக்கையைப் பார்த்து, ரோல்பேக் கொடுத்து மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுங்கள். மைஎஸ்க்யூஎல் புரொசீஜரில் பாராமீட்டரின் பெயரையும் ஃபீல்டின் பெயரையும் ஒன்றாக வைத்திருந்தால் 'வேர் எண் = எண்' என்பது பாராமீட்டரைப் பாராமீட்டரோடு ஒப்பிடும். அப்போது வரும் எண்ணிக்கை 0 அல்ல, டேபிளில் உள்ள அத்தனை மாணவர்களும்.